டமாலின் டிபன் கேரியர்

புவியீர்ப்பு விசையிடம் டமாலைப் போல வேலை வாங்கிய மனிதன் பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை. நாமெல்லாம் கை தவறிப் பொருளைக் கீழே போடுவோம். டமால் அப்படியில்லை. யோசித்து, உயரம் பார்த்து, கீழே ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடுவான். போட்டபின் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி, விழுந்ததை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பான். வேலை செய்தால் அது பொருள், செய்யாவிட்டால் குப்பை. உலகத்தில் உள்ள அத்தனையையும் அவன் இந்த இரண்டு வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியின் ஹாஸ்டலில் அவனும் நானும் ஒரே அறை. அவனுக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். அப்போதுகூட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் சுற்றுமுற்றும் பார்ப்பான்.

நான் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே என் கைக்கடிகாரத்தைக் கேட்டான். மணி பார்க்கத்தான் என்று கழற்றிக் கொடுத்தேன். வராந்தாவுக்குப் போனான். ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பெங்களூரில் எல்லோரும் எல்லோருக்கும் 'குரு'தான்.

"ஓடுது குரு! சூப்பர் வாட்ச்சு. யார் வாங்கிக் குடுத்தது?"

"எங்கப்பா."

"அவருக்கு நல்ல டேஸ்ட்டு. நான் சொன்னேன்னு சொல்லு."

சண்டை போடுவதா, அப்பா சார்பில் நன்றி சொல்வதா என்று புரியாமல் நின்றேன். அடுத்தடுத்த மாதங்களில் என் டிரான்சிஸ்டர், டார்ச் லைட், கால்குலேட்டர் எல்லாம் வரிசையாக முதல் மாடியிலிருந்து இறங்கின. கால்குலேட்டர் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு ஏழு என்ற எண்ணை மட்டும் அது ஒப்புக்கொள்ளவே இல்லை. என் இரண்டாம் வருட மார்க்குக்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மெஸ் இட்லியைக்கூட ஒருநாள் போட்டுப் பார்த்தான். தரை பிளந்துவிட்டது என்று ஜூனியர்கள் கதை கட்டினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். லேசான கீறல்தான்.

கடைசி வருடம் புராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் டிராஃபிக் சிக்னல் செய்தார்கள். மீதிப் பேர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரெடிமேடாக ஒரு டிராஃபிக் சிக்னல் வாங்கி வந்தார்கள். நாங்கள் மட்டும் வேறு பாதையில் போனதற்குக் காரணம், எங்கள் குழுவின் மூன்றாவது ஆளான ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பது. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, இங்கிலீஷில் முடிப்பாள். தன் சாலிடரிங் அயர்னை டமால் கேட்டபோது, "தொட்ட, சுட்டுருவேன்" என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். சர்ச்சிலிருந்து நடத்தும் மெடிக்கல் கேம்புக்காக ஹெப்பகோடிக்கு அப்பால் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு அவள் போய்வருவது வழக்கம். ஒற்றை அறை, ஒரு கட்டில், சரோஜம்மா என்று ஒரு நர்ஸ். பக்கத்திலேயே கல் உடைக்கும் கிரஷர். வருகிறவர்கள் எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து குவாரியில் வேலை செய்யும் பெண்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க, புனல் மாதிரி ஒரு மரக்குழலைத்தான் சரோஜம்மா சிஸ்டர் வைத்திருந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் இருக்கில்ல, வயித்துல வெச்சா பேபியோட ஹார்ட் பீட் கேக்குமே, அது ஒண்ணு பண்ணலாம்" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா கரண்ட் இல்லாம ஓடணும். சிஸ்டர் பஸ்ல தூக்கிட்டுப் போகணும். யார் கீழ போட்டாலும் உடையக் கூடாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் டமால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். இத்தனை வருடம் அவன் கீழே போட்டதற்கெல்லாம் ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது.

முதலில் நாங்கள் செய்தது சுலபமான வேலை. ஸ்டெதாஸ்கோப் ஒன்றில் மைக்கைச் செருகி, சத்தத்தைப் பெருக்கி, ஹெட்போனில் விட்டோம். அதைச் சோதிக்க ஆண்கள் ஹாஸ்டலில் கர்ப்பிணிக்கு எங்கே போவது? டமால் நேராக வார்டனிடம் போனான். வார்டனுக்கு ஊர் மெச்சும் தொந்தி. பிளட் பிரஷர் பார்க்கும் புது மெஷின் என்று சொல்லி அவரைக் கட்டிலில் படுக்க வைத்தான். ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், ஹெட்போனை மாட்டினோம். முந்தின நாள் மெஸ்ஸில் போட்ட சாம்பார் இன்னும் உள்ளே போராடிக்கொண்டிருந்தது துல்லியமாகக் கேட்டது.

"எப்பிடிப்பா இருக்கு எனக்கு?" என்றார் வார்டன்.

"நார்மல் சார். ரெண்டு பேருக்கும்" என்றான் டமால்.

வெற்றிக் களிப்போடு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹெப்பகோடி தாண்டிப் போனோம். கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் செய்த தப்பு, பொறியியல் மாணவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திச் சோதித்தோமே தவிர, கிரஷரை யார் நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை. சிஸ்டர் ஹெட்போனை மாட்டினார், உடனே வீல் என்று கத்திக் கழற்றினார். குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. கிரஷர் மட்டும் காதுக்குள்ளேயே வந்து கல் உடைத்தது.

நானும் ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டோம். சிஸ்டரும் சிரித்தார். பிறகு அந்த மரக்குழலை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதுலயும் அதுதான் பா பிரச்சனை. போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. காது வெச்சுக் கேட்டேன். கேக்குது, கவலைப்படாத, போன்னு அனுப்பிச்சேன். நான் கேட்டது கிரஷர் சத்தம்."

சொல்லிவிட்டு மரக்குழலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். திரும்பி வந்து கல்லூரி ஸ்டாப்பில் இறங்கும்போது டமால், "சிஸ்டருக்கு இத செஞ்சு குடுத்துட்டுத்தான் குரு நான் காலேஜ விட்டுப் போவேன்" என்றான். அவன் விளையாட்டில்லாமல் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். ஸ்டெல்லாவின் சித்தப்பா ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் செய்கிறவர். யாரும் திரும்ப வந்து வாங்கிப்போகாத ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை அவரிடமிருந்து வாங்கினோம். இது வெளிச்சத்தத்தைக் காதில் வாங்காது, உள்ளே துடிப்பதை மட்டும் பிடிக்கும். கூடவே டமால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு வைத்தான். துடிப்புக்குத் துடிப்பு அது மின்னும். "காது கேக்கலன்னாலும் கண்ணு பாக்கும்ல?" என்றான்.

உள்ளே எல்லாம் தயார். எதற்குள் வைப்பது? மரப்பெட்டி வைத்தோம். முதல் மாடியிலிருந்து போட்டான், பிளந்தது. பிளாஸ்டிக் பெட்டி தெறித்தது. என் சூட்கேஸைக் கேட்டான், நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த சமயத்தில்தான் அவனுக்கு ஞானம் பிறந்தது. பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாவின் கையிலிருந்து டிபன் கேரியர் நழுவியது. படியில் மோதி, ரோட்டில் உருண்டு, ஓர் ஆட்டோவிடம் இடி வாங்கி, சாக்கடை ஓரம் போய் நின்றது. அந்த அம்மா நிதானமாக எடுத்தார், சேலையில் துடைத்தார், ரசம்கூடச் சிந்தவில்லை என்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். டமால் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"நாம எல்லாம் முட்டாளுங்க குரு. இந்த ஊர் ரோட்டுக்கு ஏத்த பெட்டிய நம்ம ஆளுங்க எப்பவோ செஞ்சு வெச்சிருக்காங்க."

சிவாஜி நகரில் ஒரு பழைய பாத்திரக் கடையில் எவர்சில்வர் கேரியர் வாங்கினோம். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டாமல் விடமாட்டோமே, அதிலும் வெட்டியிருந்தது. 'வசந்தா - குமார் திருமணத்திற்கு மாமா அன்பளிப்பு.' மாமா ஆசையாகக் கொடுத்தது பழைய பாத்திரக் கடைக்கு ஏன் வந்தது என்று ஸ்டெல்லா ஒரு வாரம் கவலைப்பட்டாள். அடித்தட்டில் பேட்டரி. அதற்கு மேல் சர்க்யூட். அதற்கும் மேல் ஸ்பீக்கரும் சிவப்பு விளக்கும். உச்சியில் இருக்கும் ஊறுகாய்க் கிண்ணத்தில், வயிற்றில் தடவும் ஜெல். முதல் மாடியிலிருந்து போட்டான். இரண்டாவது மாடியிலிருந்தும் போட்டான். ஒரு நசுங்கல், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. டமால் அதற்கு முத்தம் கொடுத்தான்.

இனி ஒரே ஒரு தடை. எங்கள் துறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வருடா வருடம் மாணவர்கள் செய்ததெல்லாம் அதற்குள் போய்த் தூங்கும், பிறகு எழுந்ததே இல்லை. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் எழுதிக் கொடுத்தால்தான் எதுவும் கல்லூரியை விட்டு வெளியே போகும். "அவர் ஓகே சொன்னா உங்க சிஸ்டருக்கு. இல்லன்னா அலமாரிக்கு" என்று எங்கள் ஹெச்.ஓ.டி. சொல்லிவிட்டார்.

வைவா அன்று காலை, சாதாரண மனிதனாக இருந்தால் பூஜை அறையில் இருப்பான். டமால் கடைசியாக ஒரு பஸ் டெஸ்ட் எடுக்கப் போனான். பஸ்ஸில் அதிர்ச்சி மிக அதிகமான இடம் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஜின் பெட்டி. அதன் மேல்தான் கார்மென்ட் ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள் தங்கள் கேரியர்களை வரிசையாக வைப்பார்கள். இவனும் தன்னுடையதை அங்கே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று ரோட்டில் உள்ள பள்ளங்களை ரசித்துக்கொண்டு வந்தான். பொம்மனஹள்ளியில் முதலில் இறங்குகிற பெண் தோழிகளின் கேரியர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்குவது வழக்கம். அள்ளினாள். மிச்சம் ஒன்று இருந்தது. டமால் அதை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பேட்டரிக்கும் தயிர் சாதத்துக்கும் ஒரே எடை என்பது அன்றுதான் விஞ்ஞானத்துக்குத் தெரியவந்தது.

எக்ஸாமினர் கன்னடக்காரர், மைசூர்ப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கண்டிப்பானவர் என்று பெயர். டமால் அவர் முன்னால் கேரியரை வைத்துக் கம்பீரமாகத் திறந்தான்.

"சார், மேல இருக்கறது ஜெல்." எலுமிச்சை ஊறுகாய் இருந்தது.

வேறு யாராவது அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள். டமால் அடுத்த தட்டைத் திறந்தான். எலுமிச்சை சாதம், வேர்க்கடலை போட்டது. "இங்கதான் சார் ஸ்பீக்கர் இருக்கணும்" என்றான். அதற்கடுத்தது உருளைக்கிழங்கு வறுவல். "இது சர்க்யூட்டோட இடம்." அடித்தட்டிலாவது பேட்டரி இருக்குமென்று ஒரு நப்பாசை. தயிர் சாதம், மேலே தாளிதம். ஹெச்.ஓ.டி.யின் முகம் நிறம் மாறி மாறி வந்தது.

டமால் ஒரே பாய்ச்சலாகப் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். நானும் ஸ்டெல்லாவும் அவன் பின்னால் ஓடினோம். பஸ் எப்போதோ போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஹெச்.ஓ.டி. அறையில் இல்லை. எக்ஸாமினர் தனியாக உட்கார்ந்திருந்தார். எலுமிச்சை சாதத் தட்டு பாதி காலி.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நீங்க ஏதோ மரியாதைக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "சென்னாகிதே. ரொம்ப நல்லாருக்கு."

ஸ்டெல்லா கேரியரைத் திருப்பிப் பார்த்தாள். 'மு. கஸ்தூரி' என்று வெட்டியிருந்தது. கைப்பிடியில் பொம்மனஹள்ளி சட்டைக் கம்பெனி ஒன்றின் துணி லேபிள் கட்டியிருந்தது.

"சார், இது பொம்மனஹள்ளி ஃபேக்டரில வேலை செய்யற யாரோ ஒரு அம்மாவோட லஞ்ச்" என்றாள்.

எக்ஸாமினரின் கை அந்தரத்தில் நின்றது. அவரைக் கண்டிப்பானவர் என்று சொன்னேனே, கண்டிப்பானவர்தான். முதலில் தன்னிடமே கண்டிப்பு காட்டினார். "அய்யய்யோ. உழைக்கிற பொம்பளையோட ஊட்டா இது. வாங்க, உடனே போகணும்" என்று கை கழுவ எழுந்தார். கல்லூரி காரில் கிளம்பினோம். வழியில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நிறுத்தி, தன் கையாலேயே பிசிபேளாபாத் பார்சல் வாங்கினார். பரீட்சை எழுதினவனைவிடப் பரீட்சை வைக்க வந்தவர் அதிகமாக வியர்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஃபேக்டரி கேட்டில் எங்கள் அடையாள அட்டையை செக்யூரிட்டி சீண்டவே இல்லை. எக்ஸாமினர் கேரியரைத் தூக்கிக் காட்டினார். உடனே கேட் திறந்தது. சாப்பாட்டு நேரம். கேன்டீனில் ஏகப்பட்ட பெண்கள் ஒரே மேஜையைச் சுற்றி நின்றார்கள். நடுவில் வசந்தா குமார் கேரியர், தட்டுத் தட்டாகப் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. முன்னால் இடுப்பில் கை வைத்தபடி ஓர் அக்கா.

"யாருடா அது, என் சோத்த எடுத்துகினு ஒயர அனுப்பிச்சது?"

"நான்தான்க்கா. ஒண்ணும் உடையலையே?" என்றான் டமால்.

"பசியில என் கொடலு ஒடையுது, இவன் ஒயர கேக்கறான் பாரு! இன்னாடா இது? ஊறுகா கிண்ணத்துல கொழகொழன்னு இன்னாவோ இருக்கு. எங்க மஞ்சு நக்கியே பாத்துட்டா."

"உப்பே இல்லக்கா" என்றாள் பின்னாலிருந்து மஞ்சு.

எக்ஸாமினர் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க சாப்பாடு... நான் சாப்பிட்டுட்டேன். தப்பாயிடுச்சு" என்று பார்சலை நீட்டினார்.

கஸ்தூரி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, கோட்டு, டை.

"உப்பு சரியா இருந்துச்சா சார்?"

"சென்னாகித்து ம்மா."

அதோடு அக்காவின் கோபம் போயே போய்விட்டது. ஸ்டெல்லா அந்தக் கருவி எதற்கு என்று விளக்கினாள். உடனே கூட்டம் ஒரு பெண்ணை முன்னால் தள்ளியது. பத்மா என்று பெயர், நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. "எனக்கு கேக்கணும்க்கா" என்றாள், கண் எல்லாம் பயமும் ஆசையுமாக. மூலையில் இரண்டு பேர் சட்டைத் துணியைத் திரைபோலப் பிடித்தார்கள். ஆண்கள் நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். சிவப்பு விளக்கும் ஸ்பீக்கரும் இருந்த தட்டு மட்டும் எங்கள் பக்கம் மேஜையில். உள்ளே ஸ்டெல்லா ஜெல் தடவி முனையை வைத்தாள்.

கரகரவென்று ஏதோ கேட்டது. பிறகு, டக்டக் டக்டக் என்று ஓட்டமும் நடையுமாக ஒரு சத்தம். கேன்டீன் அப்படியே அடங்கிப் போனது. யாரோ விசும்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து டமால் கத்தினான். "ஏன் எல்லாரும் கம்முனு இருக்கீங்க? சத்தம் போடுங்க! தட்டத் தட்டுங்க!"

பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தேன். அவன் தானே இரண்டு எவர்சில்வர் தட்டை எடுத்து மோத ஆரம்பித்தான். "அங்க கிரஷர் ஓடும் சார். அந்த சத்தத்துல இது தெரியணும். தெரியலன்னா இத அலமாரியிலயே வெச்சிடுங்க!"

எக்ஸாமினர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கஸ்தூரி அக்காவின் கேரியர் மூடியை எடுத்தார், மேஜையில் அடித்தார். பெண்கள் சிரித்துக்கொண்டே தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று அந்தக் கேன்டீனில் எழுந்த சத்தத்துக்கு முன்னால் எந்தக் கிரஷரும் நிற்காது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஸ்பீக்கர் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு எதையும் சட்டை செய்யாமல் துடித்துக்கொண்டே இருந்தது.

எக்ஸாமினர் எங்களிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. காரில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்தார். சிஸ்டருக்கு!

அடுத்த வாரம் ஹெப்பகோடி தாண்டிப் போய்க் கொடுத்தோம். கிரஷர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒரு குவாரிப் பெண் படுத்திருந்தாள். சரோஜம்மா சிஸ்டர் முனையை வைத்துவிட்டு, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது கிரஷர் இல்ல" என்றார். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போனோம். டமால் இப்போதும் மருத்துவக் கருவிகள்தான் செய்கிறான், அவன் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருப்பதாகக் கேள்வி. கீழ்த்தளத்துக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. சிஸ்டரிடம் கேரியரைக் கொடுக்கப் போனோமில்லையா, பஸ்ஸில் நல்ல கூட்டம். டமால் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பள்ளம் வந்தபோதெல்லாம் கேரியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியை எல்லாம் தானே வாங்கிக்கொண்டான். கண்டக்டர் வந்து, "அத மேல வெய்யிப்பா, எடஞ்சலா இருக்கு" என்றார்.

"வேணாம் சார்" என்றான் டமால். "கீழ விழுந்துடும்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். என் கடிகாரம், டிரான்சிஸ்டர், டார்ச் லைட் எல்லாவற்றையும் அந்த நிமிடமே அவனுக்கு மன்னித்துவிட்டேன்.